புது மாடல் வரட்டும்

1986 ஆகஸ்ட் 9, சனி

இன்றும் கம்ப்யூட்டர் வாங்காமல்தான் ஈப்போ கடையிலிருந்து திரும்பினோம். இது மூன்றாவது முறை. என் மனைவி லட்சுமி வீட்டிலிருந்தே பிறருக்குக் கடிதமும் விண்ணப்பமும் டைப் அடித்துக் கொடுக்கிறாள். பழைய டைப்ரைட்டரில் இரண்டு எழுத்து விழுவதே இல்லை. பேனாவால் எழுதி நிரப்புகிறாள். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் சேகர், "பொறுலா மச்சான், வருசக் கடைசியில புது மாடல் வருது. இப்ப வாங்குனா ஏமாந்துருவ" என்றான். அதையே கடையிலும் சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் ஊர் குனோங் ராபாட் வந்து, வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதும் லட்சுமி கேட்டாள்.

"என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயி எட்டு மாசம் பதில் சொல்லாம இருந்தீங்களே, அப்பவும் புது மாடல் வரும்னுதான் காத்திருந்தீங்களா?"

"பைத்தியமா உனக்கு?" என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள் போய் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த எட்டு மாதத்தில் செமோரில் இன்னொரு பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தேன். அதை லட்சுமிக்கு யார் சொன்னது? அன்று என்னோடு வந்தவன் சேகர் ஒருவன்தான். அப்போதும் "பொறுலா மச்சான்" என்றவன் அவன்தான்.