மண்டபத்தை விட்டுக்கொடுக்காத மகளுக்கு

குதைபியா, மனாமா.
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஃபஸ்னாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் இங்கே சுகம், கடையும் குறையில்லாமல் ஓடுகிறது, நீயும் மாப்பிள்ளை நிஜாமும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் உன் உம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புவேன், என் கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே.

ஊர்க் கூட்டத்தில் நீ பேசியதை நிஜாம் எடுத்து அனுப்பிய வீடியோவை இந்தத் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. நீங்கள் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஊர் மண்டபத்தை இனி நீ நடத்தும் முஸ்லிம் சங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே சுவிட்சர்லாந்தில் தீர்மானம் கொண்டுவந்த நாளிலிருந்து இங்கே வீட்டில் நிம்மதி இல்லை. அல் கோபாரிலிருந்து உன் மாமா கௌஸ் முகைதீன் தினமும் போன். "மச்சான், பொழைக்கப் போன எடத்துல எதுக்கு மல்லுக்கட்டணும்? மண்டபம் இல்லன்னா வீட்டுல கூடிக்கிடட்டும், கல்லி வல்லி, போனாப் போவுதுன்னு விடச் சொல்லுங்க" என்பார். உன் உம்மாவும் அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டி, "வாயத் தொறக்காம இருந்தா எந்த நாட்டுலயும் நல்லா இருக்கலாம்" என்றாள். போய்ப் பேசு என்று சொன்னவன் நான் ஒருத்தன்தான். எட்டாம் வகுப்போடு கடைக்கு வந்து பொட்டலம் கட்டும் பேப்பரைப் படித்தே உலகம் தெரிந்துகொண்டவன் பேச்சுக்கு இந்த வீட்டில் என்றைக்கு மதிப்பு இருந்தது.

தயிர் வாங்க வரும் அக்கவுண்டன்ட் பத்மநாபன்கூட விடவில்லை. "பாய், கோவிச்சுக்காதீங்க, நாளைக்கு உங்க காயல்பட்டினத்துல நூறு வெள்ளைக்காரக் குடும்பம் வந்து எறங்கி மண்டபம் குடுங்கன்னா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டார். நான், சும்மா இருக்க மாட்டோம், முதலில் சோறு போடுவோம், அப்புறம் கூட்டம் போட்டு அவர்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவோம் என்றேன். "சோறு போட்டா அவன் போகவே மாட்டானே பாய்" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் கேட்டது தப்பில்லை, ஊர்க்காரன் கேட்கத்தான் செய்வான். கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நீ பதில் சொன்னாய் மகளே. ஓட்டில்லாதவர்களை ஓரமாக உட்கார வைத்திருந்தார்களாம், நீ பேசலாமா என்பதற்கே முதலில் ஓட்டுள்ளவர்களைக் கை தூக்கச் சொன்னார்களாம், நிஜாம் எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜில் விளக்கினார். அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்ட பெரியவர், இவர்கள் வீட்டில் சொத்தும் அதிகாரமும் ஆணின் கையில், பெண் சொன்னதைக் கேட்டு நடப்பவள், பெண்களைத் தனியே ஒதுக்கும் வழக்கத்துக்குப் பொது மண்டபம் எதற்கு என்று கேட்டதும் எனக்கு இங்கே ரத்தம் கொதித்தது. நீ கொதிக்கவில்லை. நிதானமாக எழுந்து, அப்படிப்பட்ட வீடுகளும் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு, என் உம்மாவின் வீடு உம்மா பெயரில், என் வீடு என் பெயரில், கல்யாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது மாப்பிள்ளைதான் என்றாயே, அங்கேதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து ஒரு அம்மாள் அந்த மாப்பிள்ளை வந்திருக்கிறாரா என்று கேட்க, வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நம் நிஜாம் போனும் கையுமாக எழுந்து, பெட்டி தூக்கி வந்தவன் நான்தான், சண்டை வந்தால் இவள் கதவைச் சாத்துவாள், நான்தான் என் உம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாராமே. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் படமே ஆடுகிறது. அதற்கப்புறம் நீ சொன்னதுதான் எனக்குப் பெரிது. நாங்கள் ஒளிந்துகொள்ளக் கூடவில்லை, உங்கள் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசிப் பழக, கேலி செய்ய ஆளில்லாத ஓர் இடம் வேண்டும் என்றாய்.

தீர்மானம் தோற்றது. கொஞ்சம் கைகள்தான் வித்தியாசமாம். கொஞ்சமோ நிறையவோ, ஜெயித்தது ஜெயித்ததுதான். உடனே அல் கோபாருக்குப் போன் போட்டு, மச்சான், இப்போது சொல்லுங்கள் கல்லி வல்லி என்றேன். அதற்கு அவர், "யாரு மருமவ? என் மருமவளாச்சே, பேசத்தான் செய்வா" என்கிறார். கேட்டாயா நியாயத்தை. ஊரில் உன் வீட்டைக் கட்டியதும் நான், தங்கச்சிக்கு மட்டும் வீடா என்று உன் காக்கா இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத வருத்தமும் எனக்கு, பெருமை மட்டும் மாமாவுக்கு. அங்குள்ள உன் ஊர்க்காரர்களும் வீடு யார் பெயரில் என்று கேட்டுக் கைதட்டினார்கள், கட்டியவன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து அந்தப் பெரியவர் உன்னிடம் வந்து கைகொடுத்து, நன்றாகப் பேசினாய், ஆனாலும் அடுத்த முறையும் எதிர்த்துத்தான் கை தூக்குவேன் என்றாராம். அதைச் சொல்லி நீ உம்மாவிடம் அழுதாயாம், சங்கத்தை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கப் போகிறேன் என்றாயாம். ஜெயித்துவிட்டு அழுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். நான் இந்த அரபு நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பழைய கடை இருந்த கட்டடத்தை இடிக்க முடிவானபோது, என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் வந்து தோளில் கை வைத்து, கலாஸ், முடிந்தது, அடுத்த மாதம் காலி பண்ணு என்றார். நல்ல மனிதர், இந்தக் கடைக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டார். இந்த மண் போட்ட சோற்றை நான் மறக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஒரு கூட்டம் இல்லை, எனக்காகப் பேச ஒருவர் இல்லை, என்னை எதிர்த்துப் பேசவும் ஒருவர் இல்லை. என்னை வேண்டாம் என்று சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. உன்னை எதிர்ப்பதற்காக ஒரு மனிதர் அந்தப் பனியில் வீட்டைவிட்டு வந்து, நீ பேசியதை முழுக்கக் கேட்டு, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது எனக்குச் சம்மதமில்லை, ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அது அழுகிற விஷயம் இல்லை.

ஆகவே சங்கத்தை யாரிடமும் ஒப்படைக்காதே. வருகிற ஞாயிறு நீயே போய் மண்டபத்தைத் திற. குடியுரிமைக்கு மனுப் போடும் வருஷம் வந்தும் நீ தள்ளிப்போடுகிறாய் என்று நிஜாம் சொன்னார், திங்கட்கிழமையே போய்க் கொடுத்துவிடு, குடியுரிமை வந்தால் ஓட்டும் வரும். அடுத்த முறை அவர் எதிர்த்துக் கை தூக்கட்டும், அது அவர் உரிமை. எதிரே நீயும் உன் கையைத் தூக்கு. வாப்பா எந்த ஊரிலும் தூக்காத கை அது, நன்றாக உயரத் தூக்கு.

காதை மூடாமல் வெளியே போகாதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அல்லாஹ் உன் நாவுக்குத் தெளிவையும் நெஞ்சுக்குத் தைரியத்தையும் குறைவில்லாமல் தரட்டும். மனுக் கொடுத்ததும் எனக்குச் சொல், உம்மாவிடம் அல்ல, எனக்கு.

உன் வாப்பா,
சதக்கத்துல்லாஹ்