ஒற்றைச் செருப்புப் பறவை

குற்றாலம், 20-7-1958

அம்மாவின் பாதங்களுக்கு மகன் மாடன் கும்பிட்டு எழுதுவது. உலகத்தார் அனைவரும் அறிய வேண்டிய முக்கியச் செய்தி: என் வலதுகால் செருப்பு அறுந்துவிட்டது. மற்றபடி சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே எனக்கு ஒரு எதிரி வாய்த்திருக்கிறார். எங்கள் லாட்ஜில் தங்கியிருக்கும் நமசிவாயம் வாத்தியார். விடிந்ததும் அவரைக் காட்டுக் குளத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போவது என் வேலை. அந்த மூஞ்சியைப் பார்த்தால் மீன்கொத்தியே மீனைப் போட்டுவிட்டு ஓடும். "ஏலே, வாய மூடுலே. ஒன் சத்தத்துல ஒரு கொக்கு நிக்க மாட்டேங்கு. மானேஜர்ட்ட சொல்லி ஒன்ன ஊருக்கே அனுப்பிருதேன் பாரு" என்று தினமும் கடித்துக் குதறினார்.

விடுவேனா? நேற்றுக் காலை தாழம்புதருக்குள் ஒளிந்துகொண்டு, நீங்கள் சாயங்காலம் கோழியைக் கூப்பிடுவீர்களே, அதேபோல் "பா, பா" என்று கூவினேன். குளத்து நாரை, முக்குளிப்பான் எல்லாம் பறந்தே போயின. அவர் மட்டும் நோட்டில் பரபரவென்று எழுதினார். புதுப் பறவை என்று நம்பிவிட்டார், ஆளைக் கவிழ்த்துவிட்டேன் என்று சமையல்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

அவர் அருவிக்குப் போனதும் நோட்டைத் திறந்து பார்த்தேன். "புதருக்குள் ஒன்று. காக்கி டவுசர், ஒற்றைச் செருப்பு. கோழிக்குரல் அருமை" என்றிருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் கூவியது பழிவாங்க அல்ல. அவர் புகார் சொன்னால் என்னை ஊருக்கு, உங்களிடமே அனுப்பிவிடுவார்கள் என்ற ஆசையில்தான். பாவி மனுசர், நாளைக்கும் இந்தப் பயல்தான் வேண்டும் என்று மானேஜரிடம் சொல்லிவிட்டார்.

நம்மூரிலிருந்து யாராவது குளிக்க வந்தால் ஐயாவின் பழைய செருப்பைக் கொடுத்தனுப்புங்கள். யாரும் அகப்படாவிட்டால் நீங்களே கொண்டுவந்தாலும் சரி.

மாடன்