கையில் இரண்டு நிமிடம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம், நலம் என்று எழுத மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. உன் தம்பிக்குக் கிடங்கில் ஒருவழியாகப் பகல் வேலை கொடுத்துவிட்டார்கள், அதனால் வீட்டில் இருக்கிற சோற்றுப் பானை காலியாகும் நேரம் மாறியிருக்கிறது, வேறு மாற்றம் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. அப்பா இருக்கிற இருப்பில் அதைச் சொல்ல மனம் வராமல் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், அப்பாகிட்ட சொல்லி என் ஓட்டத்துக்கு ஒரு கணக்கு போட்டுத் தரச் சொல்லும்மா, தகுதி நேரத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் கையில இருக்கிற மாதிரி போடச் சொல்லு என்று. நான் சொல்லாமல் இல்லை. அவரும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார், பென்சிலைச் சீவுகிறார், சீவிச் சீவிப் பென்சில் பாதியானதுதான் மிச்சம். அப்பாவுக்கு என் மேல என்ன கோபம் என்று போன வாரம் கேட்டாயே, கோபம் ஒன்றும் இல்லை கண்ணு. ஓட்டத்தில் அவர் கொடிக்குப் பின்னால் ஓடி வந்த, சாவிக் கடை வைத்திருந்த சாவிக்காரர் செத்துப்போனது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் அழுது தொலைப்பேன், அதனால்தான் இத்தனை காலத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்தேன்.

இந்த ஓட்டக் கணக்கெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பு இருந்தால் சிரித்துக்கொள். மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் நேரம் எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் ஓடுவார், அவரை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் அந்த நேரத்துக்குள் போய்ச் சேரலாம். உன் அப்பாவுக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர் வைத்ததே அதனால்தானே. அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிற மாதிரியேதான் ரோட்டிலும் ஓடுவார், முதல் தாளும் கடைசித் தாளும் ஒன்றுபோல விழ வேண்டும் அவருக்கு. போன வருஷம் சாவிக்காரர் அப்படித்தான் இவர் பின்னால் வந்து, வெளிநாட்டில் நடக்கிற, நீயும் போக ஆசைப்படுகிற அந்தப் பெரிய ஓட்டத்துக்கு அவர் வயதுக்குப் போட்ட தகுதி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். சில விநாடிதான் மிச்சம். அன்றைக்கு நம் வீட்டு வாசலில் நின்று அண்ணே அண்ணே என்று அவர் குதித்த குதியில் எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. பிறகு பதில் வந்தது, தகுதி உண்டு, இடம் இல்லை என்று. விண்ணப்பம் போட்டவர்கள் ஏராளம், அதில் வேகமாக ஓடியவர்களுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டார்களாம். தகுதி என்று சொல்லிவிட்டுப் பிறகு கதவைச் சாத்துவது என்ன நியாயமோ, என் புத்திக்கு எட்டவில்லை. சரி, அடுத்த வருஷம் ஐம்பது வயதாகிறது, வயது ஏறினால் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அந்த மனுஷன் கிழவனாவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் எல்லா வயதுக்கும் ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டோம் என்று அறிவிப்பு வந்தது. ஐம்பது வயதாவதும் வீணாய்ப் போயிற்று என்று சொல்லிச் சிரித்தார், பாவம்.

அப்பாவுக்கு அது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. நான் சரியா ஓடினதாலதானே அவனுக்கு இடம் போச்சு, ரெண்டு நிமிஷம் முன்னாடி இழுத்துட்டுப் போயிருந்தா கிடைச்சிருக்கும் என்று என்னிடமே பல தடவை சொன்னார். கொடி பிடிக்கிறவன் கொடியில் எழுதியிருக்கிற நேரத்துக்குத்தான் ஓட வேண்டும், தன் ஆசைக்கும் ஓடக் கூடாது, பின்னால் வருகிறவன் ஆசைக்கும் ஓடக் கூடாது என்று உனக்கும் உன் தம்பிக்கும் பாடம் எடுத்த மனுஷன்தான். இந்த வருஷம் பின்னால் ஓடியவர்கள் எல்லோரும், அண்ணே, முதல் பாதியிலேயே கொஞ்சம் சேத்து வெச்சுக்குவோம், கடைசியில கையில இருக்கும் என்று கேட்க, இவரும் தலையை ஆட்டிவிட்டார். பாதித் தூரத்தில் இரண்டு நிமிடம் முன்னால் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சாவிக்காரர் வழியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். இது ஓட்டம் நடத்தியவர்களுக்கும் தெரியும், விசாரித்துவிட்டு, வெயில் கடுமை, ரத்தக் குழாயில் அடைப்பு முன்பே இருந்திருக்கிறது, மாடிப்படி ஏறினாலும் மாரடைப்பு வந்திருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்து முடித்துவிட்டார்கள். யாரும் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பதிலுக்குப் பேசித் தேறியிருப்பாரோ என்னவோ.

சாவிக்காரர் சம்சாரம்தான் இப்போது கடையைப் பார்க்கிறாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் திரும்ப இடமில்லாத கடை, நீ கூட உன் சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டு அங்கே போய் நின்றிருக்கிறாய். நானும் அப்பாவும் துக்கம் கேட்கப் போனோம். அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாவி அறுத்துக்கொண்டே பேசினாள். அந்த மனுஷனுக்கு ஓட்டம்தான் பெருசு, நாங்க ரெண்டு பேர் இருக்கோம்னு ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா நின்னிருக்க மாட்டாரா, நெஞ்சு வலிக்கிறது தெரியாமயா இருந்திருக்கும் என்றாள். அவர் ஓடுகிற ஷூ, பனியன், தொப்பி எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டாளாம். படிக்கிற பெண் ஒன்று இருக்கிறதே, அதுவும் அம்மா சொல்வதையே சொல்கிறது, அப்பாவுக்கு நாங்க வேணாம்னு ஆயிடுச்சு என்கிறது. கிளம்பும்போது அவள் அப்பாவிடம் கேட்டாள், கடைசியா எதாவது சொன்னாரா அண்ணே என்று. இல்லம்மா, ஒண்ணும் சொல்லலை என்றார் உன் அப்பா.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். பாலம் ஏறி இறங்குகிற இடத்தில் சாவிக்காரர் பக்கத்தில் வந்து, அண்ணே, கொஞ்சம் மெதுவா போலாமா என்று கேட்டாராம். இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, கையில ரெண்டு நிமிஷம் இருக்கு, விட்டுடாதே, வா என்றாராம். அவரும் சரிண்ணே என்று வந்திருக்கிறார். டயர் கடை தாண்டித் திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை. கடை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாராம்.

அன்றிலிருந்து அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார், அவ்வளவுதான். உனக்குக் கணக்குப் போட்டுத் தர மாட்டார், கேட்காதே. ஆனால் சாவிக்காரர் வீட்டில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். நான் கூடாது என்று சண்டை போட்டேன், ஒளிக்கவில்லை. போனவர் போய்விட்டார், நீங்கள் ஏன் போய்த் தலையைக் கொடுக்கிறீர்கள், நமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கத்தினேன். அவர் என் மேல் கோபப்படக்கூட இல்லை. அந்தம்மா அவனைத் திட்டிட்டு இருக்கு, அவன் வீட்டுக்கு வரத்தான் பார்த்தான், அது அவங்களுக்குத் தெரிய வேணாமா என்றார். அப்படியானால் நானும் கூட வருகிறேன் என்றேன்.

இன்றைக்குக் காலையில் போய்விட்டு வந்தோம். கடைக்குப் பின்னால் ஒரு அறையில்தான் குடியிருக்கிறார்கள், எங்களைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள், அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒன்று விடாமல் சொன்னார், தான் சொன்ன பதிலையும் சொன்னார். அவள் கடைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த சாவி அறுக்கிற மிஷினை எட்டி நிறுத்திவிட்டு, மெதுவா போலாமான்னு கேட்டாரா என்றாள். ஆமாம்மா என்றார். வார்த்தை அதேதானா, மறுபடி சொல்லுங்க என்றாள். சொன்னார். இன்னொரு தடவையும் கேட்டாள், இன்னொரு தடவையும் சொன்னார். அவள் மகள் பக்கம் திரும்பி, கேட்டியாடி, அப்பா நம்மகிட்ட வரத்தான் பாத்திருக்காரு என்றாள். அப்போதுதான் அழுதாள், அந்தப் பெண்ணும் கட்டிக்கொண்டு அழுதது. நாங்கள் நிற்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், சொன்னதுக்கு நல்லா இருங்க, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க என்று. அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் நான்தான் அழுதேன். அவர் தெருவைப் பார்த்து நடந்தார், அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

நீ ஓட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ கேட்கிற ரகம் இல்லை. சாப்பாட்டைக் குறைத்து உடம்பை வற்றவிடாதே, டாக்டரைப் பார்த்து நெஞ்சைச் சோதித்துக்கொள், மாப்பிள்ளையிடமும் சொல், நான் தனியாகவும் அவருக்குப் போன் செய்வேன். நீயும் உன் வீடும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஓடும்போது பக்கத்தில் வருகிறவர், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், மெதுவாகப் போகலாமா என்று கேட்டால், போ அம்மா. தகுதியாவது மண்ணாவது, அவரோடு மெதுவாகப் போ.

கடிதத்தில் உங்கள் பெயரையும் போடட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். எல்லாத்தையும் எழுதிட்டியா என்றார். எழுதிவிட்டேன் என்றேன். அப்போ போடு என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா, அப்பா.