போகிற மெயிலுக்கும் ஒரு பூட்டு

என் ஆசை மாப்பிள்ளை முத்துராஜுக்கு,

நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். உன் வருஷ நினைவுக்கு நம் சங்கத்தில் ஒரு சின்ன மலர் போடுகிறார்களாம். செயலாளர் அண்ணாச்சி கடைக்கே வந்து, உன்னைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார். நல்லபடியாக எழுத எனக்கு எங்கே தெரியும்? தாராவியில் கோலி என்கிற ஒற்றையறை வீட்டில் உன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, பிறகு உன்னோடு சேர்ந்தே ஒரு கடையும் திறந்து, தினமும் உன்னோடு மல்லுக்கு நின்றவன் நான். என் வாய்க்கு வருவதுதான் இதில் இருக்கும். நீ முகத்தைச் சுளித்துக்கொள்.

மலரைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் எடுத்து சயானில் இருக்கிற பெரிய லேபுக்கு அனுப்புவோம். அங்கிருந்து ரிப்போர்ட் மெயிலில் வரும். அதை உரியவர் கையில் சேர்ப்போம். அவ்வளவுதான் எங்கள் கடை. ஊசி என் கையில், கம்ப்யூட்டர் இவன் கையில்.

அண்ணாச்சி கிளம்பும்போது ஒன்று சொன்னாரே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "அப்படியே அவன் என்ன நோவுல போனாம்னு ஒரு வரி போட்டுரும்வே. கண்டமேனிக்குப் பேசுதானுவ. வாய அடச்சிரலாம்."

என்ன பேசுகிறார்கள் தெரியுமா? நீ குடித்தே செத்தாயாம். நீ! கல்யாண வீட்டில் சோடா குடித்தால்கூட மூக்கைச் சிந்துகிறவன். பால் பூத்துக்கு முன்னால் நின்று இரண்டு பேர் அப்படிப் பேசியபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இன்ன நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் வாய் அன்றைக்கே மூடியிருக்கும். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஏனென்றால் எனக்குத் தெரியும். நீ சொல்லித் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில், நீ கண் திறக்காமல் கிடந்த கடைசி நாட்களில், உன் வீட்டுக்காரி, கஸ்தூரி தங்கச்சி, என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "அண்ணே, தீவாளிக்கு முன்னாலயே அவியளுக்குத் தெரியும். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ." என் வயிற்றெரிச்சல் அதுதான் மாப்பிள்ளை. ஊர் ரத்தத்தை எல்லாம் எடுத்தவன் நான். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் உடம்பில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நீ வேறு எங்கோ போய் ரத்தம் கொடுத்திருக்கிறாய், அதையும் அவள்தான் சொன்னாள். ரிப்போர்ட் மட்டும் நம் கம்ப்யூட்டருக்கே வந்திருக்கிறது. உனக்கென்று தனியாக ஒரு மெயில் கணக்கு, தனிக் கடவுச்சொல். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் யாருக்கோ ஊசி குத்திக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் நீ அதைப் படித்திருக்கிறாய். நான் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்னலே, எவகூடலே கடுதாசி?" என்று கேட்டேன். "போலே, ஒன் சோலியப் பாரு" என்று சிரித்தாய். எப்படிலே சிரிக்க முடிந்தது உனக்கு?

சரி, கடைச் சமாச்சாரம் சொல்கிறேன். இந்த மழைக்கு நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் பொங்கி, தண்ணீர் கடைக்குள் வந்துவிட்டது. மேசைக்கு அடியில் நீ வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டி முழுகிப்போயிற்று. மேலே தூக்கி வை, மேலே தூக்கி வை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா? வயர் எட்டாது என்றாய். இப்போது வயரும் இல்லை, பெட்டியும் இல்லை.

மாட்டுங்காவிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரன் புதுப்பெட்டி கொண்டுவந்து வைத்தான். கைவேகமான ஆள்தான். டீ ஆறுவதற்குள் மெயில் புரோகிராமை ஏற்றி, நம் கணக்கைப் போட்டு, பெரிய லேபிலிருந்து வந்து கிடந்த ரிப்போர்ட்டுகளைத் திரையில் இறக்கிவிட்டான். "லோ அண்ணா, ஹோ கயா", வேலை முடிந்தது என்று பையைத் தூக்கினான். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஆனால் உன்னோடு இத்தனை காலம் குப்பை கொட்டியவன் இல்லையா? அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். வருகிற மெயிலுக்கு எஸ்எஸ்எல் என்று போட்டு, போர்ட் எண் 993 என்று கொடுத்திருந்தான். பூட்டு சரி. அடுத்த பக்கத்துக்குப் போனேன். போகிற மெயிலுக்குப் பாதுகாப்பு என்ன என்று கேட்கிற இடத்தில், 'எதுவுமில்லை' என்று இருந்தது.

நீ சண்டைக்கு வருகிற அதே குரல் காதில் கேட்டது. "வாரதுக்குப் பூட்டு, போறதுக்குத் தொறந்த வாசலாலே? ரிப்போர்ட்டு போறது எது வழியா?"

கம்ப்யூட்டர்காரனிடம் கேட்டேன். "அரே அண்ணா, மெயில் ஜா ரஹா ஹை நா? ஃபிர் க்யா டென்ஷன்?" என்றான். மெயில்தான் போகிறதே, அப்புறம் என்ன கவலை என்கிறான். போகிறதுதான். பூட்டாமல் போகிற மெயில், லோக்கல் ட்ரெயினில் நின்றுகொண்டு சத்தமாகப் போன் பேசுகிற மாதிரி என்று நீ சொல்வாய். வீட்டு விஷயம் பேசுவது ஒருத்தி, கேட்பது ஒரு பெட்டி ஜனம். அதிலும் நமக்கு இன்டர்நெட் சொந்த லைனா? பக்கத்துக் கடையிலிருந்து பங்கு போட்டு இழுத்த லைன். இன்டர்நெட் பெட்டி அங்கேதான் மினுக் மினுக் என்று எரிகிறது. அங்கே இருக்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் பூட்டாமல் போவதை வழியில் நின்று படிக்கத் தெரிந்தவன் படித்துவிடலாம் என்று நீதானே சொன்னாய்?

அன்றைக்கு வந்த ரிப்போர்ட்டுகளில் ஒன்று ஒரு பெண்ணுடையது. அவள் பேர் எழுத மாட்டேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதையே எழுதுகிறேன். உறவுமுறையையும் கடையையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று எவனாவது பேனாவோடு உட்கார்ந்தால் அவன் பொழுதுதான் வீண். அவள் முன்கூட்டியே போன் செய்திருந்தாள். "அண்ணே, பேப்பர்ல குடுக்காதீங்க. எங்க வீட்ல கவரப் பாத்தா எல்லாருக்கும் கை அரிக்கும். வாட்ஸ்அப்பும் வேண்டாம், போன் புள்ளைங்க கையிலதான் கெடக்கும். மெயில்ல அனுப்புங்க, அதத் தொறக்க எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் தனியா இருக்கிறப்ப பாத்துக்கிடுதேன்."

அவள் கொழுந்தன்தான் பக்கத்துக் கடை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து எட்டிப் பார்க்கிறான். "அண்ணாச்சி, எங்க மதினி ரிப்போர்ட்டு வந்துட்டா?" அக்கறையாகத்தான் கேட்கிறான், பாவம். இருந்தாலும் அந்த ரிப்போர்ட் போக வேண்டியது அவன் கடைப் பெட்டி வழியாக. "வந்தா அவங்களுக்கே வரும்ப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

போகிற மெயிலுக்கும் எஸ்எஸ்எல் போட்டேன். எண் 465. உன் வாயால் கேட்டுக் கேட்டு, நம் வீட்டு நம்பர் மாதிரி மனப்பாடமாகிவிட்ட எண். சோதித்துப் பார்க்க எனக்கே ஒரு மெயில் அனுப்பினேன். உடனே மஞ்சள் முக்கோணம் போட்டு ஒரு எச்சரிக்கை குதித்தது. நாம் கூப்பிட்ட சர்வரின் பெயர் ஒன்று, அது காட்டுகிற சான்றிதழில் இருக்கிற பெயர் வேறொன்று. இருந்தாலும் நம்பித் தொடரவா என்று கேட்கிறது. கம்ப்யூட்டர்காரன் என் தோளுக்கு மேலே கையை நீட்டி அதை அமுக்கப் போனான். படாரென்று அவன் கையைத் தட்டிவிட்டேன். அவனே மிரண்டுபோனான்.

வாசலில் ஒருத்தர், "என்ன அண்ணாச்சி, ரத்தம் எடுப்பீரா, சினிமா பாப்பீரா?" என்று சத்தம் போட்டார். ஒரு அமுக்கு அமுக்கினால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். 'எதுவுமில்லை' என்றே விட்டுத் தொலைத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கேகூடத் தெரியாது.

ஆனால் கதவைத் தட்டுகிறவன் வேறு பெயர் சொன்னால் திறக்கிறதா மாப்பிள்ளை? மெயில் கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு அம்மா, என் ஹிந்தியைக் கேட்டுச் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னாள். சர்வர் பெயரைக் கம்பெனி மாற்றியிருக்கிறது, இவன் பழைய பெயரை எழுதி வைத்திருக்கிறான். புதுப்பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு அடித்தேன். முக்கோணம் வரவில்லை. சோதனை மெயில் போய் எனக்கே வந்து சேர்ந்தது. அப்புறம்தான் அவள் ரிப்போர்ட்டை அனுப்பினேன். உன்னைக் கூப்பிட்டுப் பெருமையடிக்க வேண்டும் போலிருந்தது. போனைக்கூட எடுத்துவிட்டேன்.

கம்ப்யூட்டர்காரன் போகிற போக்கில் இன்னொன்று கேட்டான். கம்பெனிப் பட்டியலில் முத்துராஜ் என்று இன்னொரு கணக்கு இருக்கிறதே, அதையும் ஏற்றட்டுமா என்றான். கடவுச்சொல் தெரியாவிட்டால் பரவாயில்லை, மாற்றித் திறந்துவிடலாமாம். நீ எப்போது தெரிந்துகொண்டாய், யாருக்கு என்ன எழுதினாய், என்னைப் பற்றி ஏதாவது எழுதினாயா, எல்லாம் அதற்குள் இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், திறக்கத்தான் நினைத்தேன். எனக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று ஒரு ஆத்திரம்.

இரண்டொரு நாள் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

"அண்ணே, நீங்க அதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. அனுப்புதவன் நாந்தானே. வழியில வேற யாரும் பாக்கல. அதுக்கு நான் பொறுப்பு."

தலையை ஆட்டினாள். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"சொல்லுவேண்ணே. ஆனா இப்ப இல்ல. நேத்து எங்க மாமியார் கொழம்புல உப்பில்லன்னு என்னய ஏசுனாங்க. நானும் பதிலுக்கு ஏசுனேன். நல்லா இருந்துச்சு. சொல்லிட்டேன்னு வைங்க, அப்புறம் யாரும் என்கூட சண்ட போடமாட்டாங்க. எல்லாரும் பாவமாப் பாப்பாங்க. இன்னும் கொஞ்ச நாளு நான் நானாவே இருந்துக்கிடுதேன்."

அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டே அழுதேன்.

அதற்காகத்தானா மாப்பிள்ளை? உன் கடைசி வருஷம் முழுக்க நான் உன்னைச் சும்மா விட்டேனா? சோம்பேறி என்றேன். ஃபேனை நிறுத்து என்று நீ சொன்னதற்கு, கிழவனாகிவிட்டாயா என்றேன். மூச்சு வாங்குகிறது என்று நீ உட்கார்ந்தபோது, நடிக்காதே என்று சரக்குப் பெட்டியைத் தூக்கச் சொன்னேன். நீயும் என்னை நாய் பேய் என்று திட்டிக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தாய். தெரிந்திருந்தால் பிடிக்க விட்டிருப்பேனா? உன்னிடம் மெதுவாகப் பேசியிருப்பேன். வேளைக்கு வேளை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருப்பேன். அதை உன்னால் தாங்கியிருக்க முடியாது, அப்படித்தானே? இல்லை, நான்தான் தாங்க மாட்டேன் என்று நினைத்தாயா? இரண்டில் எது? எனக்கு யார் பதில் சொல்வார்கள்?

உன் கணக்கைத் திறக்கவில்லை. திறக்காமலே மூடிவிடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். மூடிவிட்டோம் என்று பதில் வந்தது. அதை வாசித்தபோது உனக்கு இரண்டாவது தடவை கொள்ளி வைத்த மாதிரி இருந்தது.

கஸ்தூரி இப்போது கோபர்கைரனேயில் அவள் அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். மகள் நன்றாகப் படிக்கிறாள். மலர் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். குடித்துச் செத்தான் என்று பேசுகிறார்களே, உண்மையைப் போட்டுவிடட்டுமா என்று. அவள் அதிகம் யோசிக்கவில்லை. "அவிய சொல்லலைல்லாண்ணே? அப்ப நாமளும் சொல்லாண்டாம். பேசுதவன் பேசிட்டுப் போறான்." போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

செயலாளர் அண்ணாச்சியிடம் போய், அந்த ஒரு வரி வராது என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. "செத்தவனுக்கு என்னவே ரகசியம்?"

"செத்தவன் எந்திரிச்சு வந்து பூட்ட முடியாதுல்லா அண்ணாச்சி? அதான் நாம பூட்டணும்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, இது ஊரே படிக்கப்போகிற கடிதம். படிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதுவரைக்கும் வந்திருப்பார்கள். நீ குடிக்கவில்லை, அதை மட்டும் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். மற்றது உன்னுடையது. என் வீட்டுக்காரி கேட்டாள், சொல்லவில்லை. நாளைக்கு உன் மகளே வளர்ந்து வந்து கேட்டாலும், உன் அம்மாவிடம் கேள் தாயி என்றுதான் சொல்வேன். என்மேல் நம்பிக்கை இல்லாமல் நீ சொல்லாமல் போயிருந்தாலும் சரி, பிரியத்தில் சொல்லாமல் போயிருந்தாலும் சரி, என் கட்டை வேகும்போது அந்த ஒரு வார்த்தையும் கூடவே வேகட்டும்.

உன் மச்சான்,
இசக்கி