பாக்கெட் இல்லாத யூனிஃபார்ம்

பட்டாபிராம்,
3-6-2025

மச்சான் துலுக்கானத்துக்கு, ஜெகதீஷ் சொல்லச் சொல்லக் கவிப்பிரியா எழுதுவது.

பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கையில் இன்னும் கட்டு இருக்கிறது.

ஃபியூஸ் கட்டையைக் கழற்றாமலே நான் மோட்டாரில் கை வைத்ததாகக் கம்பெனியில் எழுதியிருக்கிறார்களாம். பதினோரு வருஷமாக நாம் அப்படியா வேலை செய்தோம்? மோட்டாரைப் பிரிக்கிறவன் மூன்று கட்டையையும் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். அவனே வந்து திரும்பப் போட்டால்தான் கரண்ட். சாமான் திருடுகிறோம் என்று பாக்கெட்டே வைக்காமல் ஒரு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தார்களே, அதனால்தான் அன்றைக்குக் கட்டைகளை உன் டூல் பையில் போட்டேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. அப்புறம்தான் கை வைத்தேன்.

பதினாறாம் தேதி அம்பத்தூரில் விசாரணை. நீ வந்து, "கட்டையைக் கழட்டி என்கிட்டதான் குடுத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன்
ஜெகதீஷ்

திருவேற்காடு,
6-6-2025

அன்பு மச்சானுக்குத் துலுக்கானம் எழுதுவது.

உன் கையைப் பற்றிப் படித்ததும் சோறு இறங்கவில்லை. அம்மன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். வசந்தாவுக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது.

சூப்பர்வைசர் கங்காதரன் ஒரு தாளை நீட்டினார், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. வேறு யாரையாவது கேட்டுப் பாரேன். கோபித்துக்கொள்ளாதே.

துலுக்கானம்

பட்டாபிராம்,
9-6-2025

துலுக்கானம்,

வேறு யாரைக் கேட்பேன்? அந்த ஷெட்டில் நாம் இரண்டு பேர்தானே இருந்தோம். எனக்குச் சட்டை மாட்டிவிடுவது கவிப்பிரியா. சோறு ஊட்டுவதும் அவள்தான். இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். கட்டையைக் கழற்றத் தெரியாதவன் என்ற பேரோடு மட்டும் என்னால் இருக்க முடியாது. உன் காலில் விழுகிறேன் மச்சான், வா.

ஜெகதீஷ்

அண்ணா, இது நானாக எழுதுவது. அவர் தூக்கத்தில்கூட "கட்டய எட்த்துட்டேன், எட்த்துட்டேன்"னு சொல்லிக்கினே கீறாரு. தயவுசெய்து வாங்க.
கவிப்பிரியா

திருவேற்காடு,
13-6-2025

மச்சான்,

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கட்டையைத் திரும்பப் போட்டது நான்தான்.

கங்காதரன் வந்து, "இன்னாய்யா, ஷிஃப்டே நின்னுகினு கீது, லைனைப் போடு" என்று கத்தினார். உன் பைக் ஹெல்மெட் ஆணியில் இல்லை. டீக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம், "மச்சான், கீறியா" என்று. கொடுக்கவில்லையே! மூன்றாவது கட்டையை அழுத்தியதும் உன் சத்தம் கேட்டது. இன்னமும் அது கேட்கிறது.

நான் வரமாட்டேன். என்னைப் பிடித்துக்கொண்டு போனால் வசந்தா செத்துவிடுவாள். இந்தக் கடிதத்தை அங்கே காட்டினாலும் உன்மேல் வருத்தப்பட மாட்டேன்.

துலுக்கானம்

பட்டாபிராம்,
17-6-2025

துலுக்கானத்துக்கு,

உன் கடிதத்தைப் பாதி படித்ததும் கவிப்பிரியா நிறுத்திவிட்டாள். மேலே படி என்றேன். எனக்குத் தெரியாததா? உன் பையில் இருந்த கட்டை தானாகவா போய் உட்காரும்? ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றே தெரியும். உன் வாயால் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

நேற்று மூன்று மணி வரைக்கும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் கவிப்பிரியாவின் பையில் இருந்தது. கட்டை யாரிடம் இருந்தது என்று அதிகாரி கேட்டார். கடிதத்தை எடுக்கட்டுமா என்று அவள் என்னைப் பார்த்தாள். வசந்தாவின் ஏழாம் மாதம் ஞாபகம் வந்து தொலைத்தது. "என் பாக்கெட்லதான் இருந்துச்சு சார், எப்படிப் போச்சுன்னு தெர்ல" என்றேன்.

கங்காதரன் என்னுடைய கருகிய யூனிஃபார்மை எடுத்து மேஜைமேல் விரித்தார். "இதுல பாக்கெட் எங்கப்பா கீது?" என்றார்.

கட்டையைக் கழற்றாமல் வேலை செய்தார் என்று முடித்துவிட்டார்கள். பொய் சொன்னார் என்றும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னேன். அழுதுகொண்டே போட்டாள். இதையும் அழுதுகொண்டேதான் எழுதுகிறாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். இங்கே வராதே, என்னால் பார்க்க முடியாது. யார் என்ன சொன்னாலும் உன் யூனிஃபார்மில் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துக்கொள். உன் கட்டை உன்னிடம் இருக்கட்டும். இனி வேறு யார் கட்டையைக் கொடுத்தாலும் வாங்காதே.

ஜெகதீஷ்