சத்தம் பதியாத கேமரா

குருபோங்,
1.3.2024

அன்புள்ள தேவிஸ்ரீக்கு,

நீ நன்றாக இருந்தால் சரி, என்னைப் பற்றிக் கேட்காதே. போன் மணி அடித்தாலே உனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது என்று உன் அக்கா திலகா சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதா? அடுப்பில் இருந்த சோற்றைக்கூட இறக்காமல் போயிருக்கிறாய்.

சங்கதி இதுதான். நம் நகைக்கடையில் நடந்த கொள்ளையைப் பற்றி வரும் பதினான்காம் தேதி கடையிலேயே விசாரணை. ஓய்வுபெற்ற போலீஸ் பயிற்சியாளர் கொர்னேலியஸ் சார் வருகிறார். யார் எங்கே நின்றோம், நான் சுட்டிருக்க வேண்டுமா, துப்பாக்கியைக் கீழே வைத்தது சரியா என்று பார்க்கப்போகிறார். அவர் சொல்வதை வைத்துத்தான் என் துப்பாக்கி லைசென்ஸும், கடைக்குக் காவல் நிற்கும் இந்த ஜாகா வேலையும். இறந்துபோன மருதமுத்து அண்ணன் சம்சாரம் வேலாயி அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கேமராவில் படம் இருக்கிறது, சத்தம் இல்லை. நகை அள்ளிக்கொண்டிருந்தவன் எல்லாரையும் விட்டுவிட்டுக் கடைசி கவுண்டரில் நின்ற உன்னிடம் ஏன் வந்தான் என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்வேன். நீயும் அதையே சொல். செத்தவர் திரும்பப்போவதில்லை. அந்தப் பழி உன் தலையில் விழ வேண்டாம்.

இப்போது துப்பாக்கி இல்லாமல் கடையில் சும்மா நிற்கிறேன். மருதமுத்து அண்ணன் தடியோடு நிற்பாரே, அந்த வாசலைக் கழுவிப் புதுக் கால்மிதி போட்டிருக்கிறார்கள். வாடிக்கைக்காரர்கள் அதை மிதித்துக்கொண்டு வருகிறார்கள். எனக்குக் கால் வரவில்லை. சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
திவாகர்


சிம்பாங் அம்பாட்,
6.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

சோற்றை இறக்காததற்குத் திட்டத் தெரிகிறது, பொய் சொல்லச் சொல்வதற்கு வெட்கமில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது.

புருஷன் பெண்டாட்டி என்று கடையில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் உங்களை "அண்ணே" என்பார்கள். கட்டிய புருஷனை நான் எப்படி அண்ணே என்பது? பெயர் சொல்லவும் வாய் வராது. இத்தனை வருஷமும் கவுண்டர் கண்ணாடியைத் தட்டித்தான் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அன்றைக்குத் தட்டத் தோன்றவில்லை. அவன் கையில் பிஸ்டல். நீங்கள் உங்கள் பம்ப் கன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டீர்கள். உங்களைச் சுட்டுவிடுவானே என்ற பயத்தில் "ஏங்க, வேணாங்க" என்று கத்திவிட்டேன். அவனும் தமிழன்தானே, அந்தக் குரலே அவனுக்குப் போதும். "ஓ, ஒன் பொண்டாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்து பிஸ்டலை என் கழுத்தில் வைத்தான். "கன்ன கீழ வைலா" என்றான். வைத்தீர்கள். அதையே எடுத்துப் போய், வாசலை மறித்த மருதமுத்து அண்ணனைச் சுட்டான்.

சுங்கை ரம்பாயில் அவனைப் பிடித்துவிட்டார்கள் என்று எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு அவன் சிரிப்பு இன்னும் கேட்கிறது. இங்கே அக்கா மச்சானை "ஏங்க" என்று கூப்பிட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

பதினான்காம் தேதி வருவேன். நடந்ததைச் சொல்வேன். நீங்கள் ஒருத்தராகச் சுமக்க நான் விடமாட்டேன்.

தேவிஸ்ரீ


குருபோங்,
15.3.2024

அன்புள்ள தேவிஸ்ரீக்கு,

நேற்று நடந்ததையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டாய். பிடிவாதக்காரி நீ.

நீ வெளியே போன பிறகு கொர்னேலியஸ் சார் தரையில் டேப் ஒட்டி, நீ நின்ற இடத்தில் வேறு ஒரு பெண்ணை நிறுத்திப் பார்த்தார். "இந்த கன்ல ரவை சிதறும். சுட்டிருந்தா அவனும் போயிருப்பான், ஒங்க சம்சாரமும் போயிருக்கும். சுடாதது சரி. ஆனா ஜாகா கன்ன விடக் கூடாது. குறி வச்சபடியே நின்னிருக்கணும். அவன் அவங்கள சுட்டா அவனுக்கு மறைப்பு இல்ல, அது அவனுக்கும் தெரியும்" என்றார். இருக்கலாம். அவர் கேமராவில் பார்த்தார், நான் உன் கழுத்தைப் பார்த்தேன்.

கடைசியாக, "இன்னொரு தடவ இதே நடந்தா என்ன செய்வீங்க?" என்றார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் நீயும் வேலாயி அக்காவும் இருந்தீர்கள். "மறுபடியும் வைப்பேன் சார்" என்றேன்.

வேலாயி அக்கா எழுந்து போனார். நீயும் என்னைப் பார்க்காமல் அவர் பின்னால் போய்விட்டாய். மாற்றிச் சொல்லியிருந்தால் லைசென்ஸ் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. வேலை போனால் போகட்டும், லோரி ஓட்டிப் பிழைத்துக்கொள்வேன். நீ வீட்டுக்கு வா.

உன்,
திவாகர்


22.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

நான் வேலாயி அக்கா வீட்டில் இருக்கிறேன். தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, வந்து இரு என்று அவரே கேட்டார். அவர் வேலைக்குப் போகிறார், நான் சமைக்கிறேன்.

அன்று பஸ் ஸ்டாப் வரை அவரோடு நடந்தேன். அப்புறம், "ஒங்க வீட்டுக்காரரு மறுபடியும் வைப்பேன்னாரே, அப்ப எங்க வீட்டுக்காரரு மறுபடியும் சாவணும்தானே?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

நீங்கள் அப்படிச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வேலாயி அக்கா தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருக்கும்போதே சந்தோஷப்பட்டேன். அதுதான் என்னைத் தின்கிறது. உங்களோடு இருந்தால் அந்தச் சந்தோஷமும் கூடவே இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்னால் ஒரு வாய் சோறு விழுங்க முடியாதுங்க.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைத் தேடி மட்டும் வராதீர்கள். வந்து நின்றால் நான் உங்களோடு கிளம்பி வந்துவிடுவேன்.

தேவிஸ்ரீ