இடப்பக்கம் மடித்த பெட்டி

நவம்பர் 3, ஞாயிறு

மழை. நித்தம் மழை கொட்டும் இந்த ஒவாசேயில் மழை என்று எழுதுவது மைக்குத்தான் நஷ்டம்.

பக்கத்து வீட்டு யாயெக்கோ நகோயாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, வழக்கம்போல் தெருவுக்கெல்லாம் இனிப்புப் பெட்டி கொடுத்தாள். கொடுக்கும்போதே முணுமுணுப்பு. "பாருங்கக்கா, காகிதத்தை இடப்பக்கம் மேல வர்ற மாதிரி மடிச்சிருக்கான். என் வீட்ல என்ன எழவா விழுந்திருக்கு?"

நல்லதுக்கு வலப்பக்கம் மேலே, சாவுக்கு இடப்பக்கம் மேலே. இது தெரியாத கடைக்காரன் உண்டா?

ஒருவனை எனக்குத் தெரியும். என் மூத்தவன் கோஹெய், இடது கைக்காரன். வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் கருவாட்டுப் பெட்டிக்குக் காகிதம் மடிக்க உட்கார்ந்தால் எல்லாமே இழவு வீட்டுப் பெட்டியாகத்தான் வரும். திட்டிக்கொண்டே நான் பிரித்து மடிப்பேன். மூலையில் காகிதத்தை இரண்டாக மடக்கி உள்ளே செருகுவான். இந்தப் பெட்டியிலும் அதே செருகல். பெற்றவளுக்குத் தெரியாதா?

எந்தக் கடை என்று கேட்டேன். "ஸ்டேஷன்ல ஏதோ ஒண்ணுக்கா. ரயிலைப் பிடிக்கற அவசரத்துல யாரு பேரைப் பார்த்தா?" காகிதத்திலும் கடைப் பெயர் இல்லை.

நவம்பர் 4

தூக்கம் இல்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கோஹெய் ஓட்டிய வண்டி, மலை வளைவு, மழை. சின்னவன் ஷுன் போய்விட்டான். கோஹெய் கையில் ஒரு காயக்கட்டோடு வந்து நின்றான். சின்னவனைக் கிடத்தியிருந்த இடத்தில், எல்லோர் காதிலும் விழ, இவர் பெரியவனைக் கேட்டார்: "நீ மட்டும் ஏன்டா உயிரோட வந்தே?"

அன்றே வீட்டை விட்டுப் போனவன். போன் இல்லை, கடிதம் இல்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் நானும் மூன்று வேளை சோறு தின்றுகொண்டிருக்கிறேன். அவன் பெயரை இவர் முன்னால் எடுக்கக் கூடாது.

நவம்பர் 9

"நகோயா கோட்டை பார்க்கணும்" என்றேன்.

"மழையில என்ன கோட்டை?" இவர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு ஊர் காட்டியிருக்கீங்களா?"

"சரி, போய்ட்டு வா."

பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நவம்பர் 12, நகோயா

ஸ்டேஷனில் இனிப்புக் கடை ஒன்றா இரண்டா? மேலே, கீழே, நடைமேடையில், திரும்பின இடமெல்லாம். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கி மடிப்பைப் பார்க்கிறேன். எல்லாம் வலப்பக்கம். பாழாய்ப் போன ஒழுங்கு.

கோட்டைக்கும் போனேன். பொய்க்குச் சாட்சி வேண்டுமே. கூரையின் தங்க மீன் சிலை தெரிகிற மாதிரி ஒரு பெண்ணிடம் படம் எடுத்துத் தரச் சொன்னேன். "கொஞ்சம் சிரிங்க ஆன்ட்டி" என்றாள். சிரித்தேன். படத்தில் பல் வலிக்காரி மாதிரி நிற்கிறேன்.

நவம்பர் 13

இல்லை. எங்கேயும் இல்லை.

கட்டில் முழுக்கப் பெட்டி. உலகத்தில் இவன் ஒருத்தனுக்குத்தான் இடது கையா? ஒரு காகித மடிப்பை நம்பி வந்தேனே, எனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு ஊருக்கு ரயில். வெறுங்கையோடு போய் அந்த வீட்டில் எப்படி உட்காருவேன்—

டேய் ஷுன், உங்கண்ணன் எங்கடா இருக்கான்? நீயாவது சொல்லேன்டா.

நவம்பர் 14, ரயிலில்

பார்த்துவிட்டேன்.

கீழ்த்தளத்தில் கடைசிக் கடை, இரண்டு நாளும் கண்ணில் படாதது. வெள்ளைத் தொப்பி. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த காகிதம் கசங்கியது. அவ்வளவுதான். "என்ன வேணும், மேடம்?" என்றான்.

மேடமாம். பெற்றவளுக்கு. அழுதால் ஓடிவிடுவானோ என்று பயம். "அஞ்சு பெட்டி. தெருவுக்குக் கொடுக்க."

மடித்தான். வலப்பக்கம் மேலே, அச்சடித்த மாதிரி. பக்கத்தில் நின்ற கடைக்கார அம்மாள் சிரித்தாள். "வந்த புதுசுல எல்லாத்தையும் சாவுக்கு மடிப்பான். இப்பத்தான் தேறியிருக்கான்."

"கோஹெய், வீட்டுக்கு வாடா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"ரயிலுக்கு நேரமாச்சு, மேடம். பின்னால ஆளு நிக்கறாங்க." தலை குனிந்தபடியே பையை நீட்டினான்.

உயிரோடு இருக்கிறான். ஆனால் எனக்கு இல்லை. இனி எதற்குத் தேடுவேன்? எங்கே போவேன்?

நவம்பர் 15

"கோட்டை எப்படி?"

"பெருசு."

நவம்பர் 16

தெருவுக்குக் கொடுக்கப் பையைக் கவிழ்த்தேன். ஐந்து கேட்டேன், ஆறு இருந்தது. ஆறாவது மட்டும் இடப்பக்கம் மேலே, மூலையில் அந்தச் செருகல்.

மறைப்பதற்குள் இவர் எடுத்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். செருகலை விரலால் தடவினார். "இதுக்குத்தான் போனியா?"

"ஆமா" என்றேன். அடித்தாலும் அடிக்கட்டும்.

பெட்டியை ஷுன் படத்துக்கு முன்னால் வைத்தார், மணியைத் தட்டினார், கைகூப்பினார். எழுந்திருக்கவே இல்லை. சமைத்தது ஆறிப் போயிற்று.

நவம்பர் 17, ஞாயிறு

அடுப்படியில் காகிதச் சத்தம். போய்ப் பார்த்தால் இவர் தரையில் உட்கார்ந்து கருவாட்டுப் பெட்டி ஒன்றை மடித்துக்கொண்டிருக்கிறார். வாழ்நாளில் ஒரு பெட்டி மடித்ததில்லை. கிழிந்த காகிதம் சுற்றிலும்.

"வலப்பக்கம்தானே மேல வரணும்?" என்றார். "உயிரோட இருக்கறவனுக்கு."

"ஆமா, வலப்பக்கம்" என்றேன்.

"நகோயா வண்டி எத்தனை மணிக்கு?"

காகிதத்தின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒட்டினார்.